சுவருக்கு அப்பால் எழும் புகை: பழைய நகைச்சுவைப் படத்தின் வட்டுத் தரம் என்றால் என்ன?

தோட்டத்தில் தேநீர் மேசை போடப்பட்டிருக்கிறது. ஓர் இளம் மனைவியும், அவளுடைய கணவனுக்குத் தூரத்து உறவினனான இளைஞன் ஒருவனும் எதிரெதிரே அமர்ந்து, சற்று முன்பு புகைப்படம் கழுவும் இருட்டறைக்குள் சென்ற அந்தக் கணவனின் எதிர்காலத்தைப் பற்றி அக்கறையோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெடிச் சத்தம் கேட்கிறது. பின்னணியில் சுவருக்கு அப்பால் புகை எழுகிறது. இளைஞன் பேச்சை நிறுத்துவதே இல்லை. இருட்டறை விளக்கில் மண்ணெண்ணெய்க்குப் பதிலாகப் பெட்ரோலை ஊற்றி வைத்தவன் அவன்தான்.

இது 1949ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளிவந்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரோனெட்ஸ்' என்ற படத்தின் காட்சி. நான் இந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தது ஒரு மலிவான டிவிடி பிரதியில். அந்தப் பிரதியில் வானமும் புகையும் ஒரே வெளிறிய சாம்பல் நிறமாகக் கலந்து கிடந்தன. வெடிச் சத்தம் கேட்டது, ஆனால் புகை என் கண்ணில் படவில்லை. என்ன நடந்தது என்பது அடுத்த காட்சியில்தான் புரிந்தது. சில ஆண்டுகள் கழித்து நல்ல புளூரே பிரதியில் அதே காட்சியைப் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். வட்டின் தரம் என்பது தொழில்நுட்ப ஆர்வலர்களின் தனிப்பட்ட மோகம் என்று எண்ணியிருந்த நான், சில படங்களில் நகைச்சுவை நம்மை வந்து அடைவதும் அடையாமல் போவதும் அதைப் பொறுத்ததுதான் என்பதை அன்று உணர்ந்தேன். அந்தத் தரம் எதனால் ஆனது என்பதைப் புதிதாகப் பழைய படங்களின் பக்கம் வருபவர்களுக்கு இந்தப் படத்தை வைத்தே விளக்க முயல்கிறேன்.

முதலில் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். லண்டனின் ஈலிங் ஸ்டுடியோ தயாரிக்க, ராபர்ட் ஹேமர் இயக்கினார். ராய் ஹார்னிமன் 1907இல் எழுதிய நாவல் ஒன்றைத் தழுவிய கதை இது. டியூக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் இத்தாலியப் பாடகர் ஒருவரை மணந்துகொண்டதற்காகக் குடும்பத்தை விட்டு விலக்கப்படுகிறாள். அவள் இறந்தபின், குடும்பக் கல்லறையில் ஓர் இடம் கேட்ட கடைசி ஆசையும் மறுக்கப்படுகிறது. அவளுடைய மகன் லூயி, டியூக் பட்டத்துக்கும் தனக்கும் இடையில் நிற்கும் உறவினர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்ட முடிவு செய்கிறான். லூயியாக டென்னிஸ் பிரைஸ் நடித்தார். அந்தக் குடும்பத்தின் எட்டுப் பேராகவும், ஒரு பெண் உட்பட, நடித்தவர் அலெக் கின்னஸ் என்ற ஒரே நடிகர். அவரிடம் முதலில் நான்கு வேடங்களே கேட்கப்பட்டன. எட்டையும் தானே செய்வதாகச் சொன்னவர் அவர்.

பழிவாங்கும் கதை கோபத்தால் நடப்பது. நகைச்சுவையோ அந்தக் கோபம் வெளியே தெரியாமல் இருப்பதால் பிறப்பது. லூயி தான் செய்த கொலைகளை, மாலை உலாவப் போய் வந்ததைச் சொல்வதுபோல, பதறாத நாகரிகமான குரலில் நமக்குச் சொல்லிக்கொண்டே போகிறான். திரையில் யாரும் ஓடுவதில்லை, விழுந்து புரள்வதில்லை. ஒரு புருவம் சற்றே உயர்கிறது, ஒரு தேநீர்க் கோப்பை மேசையில் மெதுவாக வைக்கப்படுகிறது, தூரத்தில் புகை எழுகிறது. சிரிப்பு முழுவதும் இத்தகைய சிறு விவரங்களில் இருப்பதால், அவற்றை மங்கலாக்கும் பிரதி படத்தின் உயிரையே எடுத்துவிடுகிறது. அடிதடி நகைச்சுவையை மோசமான பிரதியிலும் ரசித்துவிடலாம். இந்த வகையை அப்படி ரசிக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு வட்டின் தரத்தைத் தீர்மானிக்கும் முதல் காரணம், அந்த வட்டுக்கு மூலமாக எந்தப் படச்சுருள் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பது. படப்பிடிப்பின்போது கேமராவுக்குள் இருந்த சுருள்தான் மூல நெகட்டிவ். அதிலிருந்து இடைநிலைப் பிரதிகளும், அவற்றிலிருந்து திரையரங்குகளுக்கான பிரிண்டுகளும் எடுக்கப்பட்டன. ஜெராக்ஸ் எடுத்த தாளை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்தின் ஓரங்கள் கரைந்து, மெல்லிய கோடுகள் காணாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். படச்சுருளிலும் அதுவே நடக்கிறது. ஒவ்வொரு தலைமுறை நகலிலும் கூர்மை குறைகிறது, கறுப்புக்கும் வெளுப்புக்கும் இடையிலுள்ள சாம்பல் நிறங்கள் சில தொலைகின்றன, தூசியும் கீறலும் கூடுகின்றன. பல திரையரங்குகளில் ஓடித் தேய்ந்த ஒரு பிரிண்டிலிருந்து எடுக்கப்பட்ட வட்டு, எவ்வளவு புதிய தொழில்நுட்பத்தில் அச்சிடப்பட்டாலும், அந்தத் தேய்மானத்தைத்தான் தெளிவாகக் காட்டும். அட்டையில் 'ஹெச்டி' என்று பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கி ஏமாறுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

அந்தக் காலத்துச் சுருள்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 1950களின் தொடக்கம் வரை திரைத்துறையில் பரவலாகப் பயன்பட்டது நைட்ரேட் சுருள். அது எளிதில் தீப்பற்றக்கூடியது. பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாதது. முறையாகக் குளிரூட்டிப் பாதுகாக்காவிட்டால் சுருங்கி, பிசுபிசுத்து, கடைசியில் பழுப்புப் பொடியாக உதிர்ந்துவிடும். ஆகவே எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு படத்துக்கு நல்ல மூலச் சுருள் கிடைப்பதே யாரோ சிலர் பல தலைமுறைகளாக எடுத்துக்கொண்ட கவனத்தின் பலன்.

கிடைத்த சுருளைக் கட்டம் கட்டமாக, அதாவது சுருளில் வரிசையாக இருக்கும் ஒவ்வொரு தனிப் படமாக (ஃபிரேம்), ஸ்கேன் செய்து, கீறல்களையும் ஆட்டத்தையும் ஒளியின் ஏற்றத்தாழ்வையும் கணினியில் சரிசெய்வதைத்தான் ரெஸ்டோரேஷன் என்கிறார்கள். 106 நிமிடப் படத்தில், நொடிக்கு 24 கட்டம் என்ற கணக்கில், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் இருக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வேலையின் அளவு புரியும். இந்தப் படத்தின் எழுபதாம் ஆண்டையொட்டி 2019இல் 4கே அளவில் புதிதாக ரெஸ்டோரேஷன் செய்யப்பட்டு, மறுபடி திரையரங்குகளுக்கு வந்தது.

தெளிவுத்திறன், அதாவது ரெசல்யூஷன், எல்லோரும் முதலில் கேட்பது. நான் விரைவாகக் கடந்துவிட விரும்புவதும் அதுதான். ஐரோப்பிய, இந்திய முறையிலான டிவிடியில் ஒரு கட்டம் 720க்கு 576 புள்ளிகளால் ஆனது. மொத்தம் ஏறக்குறைய 4 லட்சம். புளூரேயில் 1920க்கு 1080, அதாவது 20 லட்சத்துக்குச் சற்று மேல். 4கே வட்டில் 3840க்கு 2160, ஏறக்குறைய 83 லட்சம். 35 மில்லிமீட்டர் நெகட்டிவில் டிவிடி காட்டக்கூடியதைவிடப் பல மடங்கு விவரம் இருப்பதால், மூலம் நன்றாக இருந்தால் இந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரியும். லூயியின் காதலி சிபெல்லாவாக நடித்த ஜோன் கிரீன்வுட் பல காட்சிகளில் அணிந்து வரும் இறகும் லேஸும் வைத்த பெரிய தொப்பிகளைக் கவனியுங்கள். டிவிடியில் லேஸ் வேலைப்பாடு அவர் தலையசைக்கும்போதெல்லாம் நெளிந்து மினுங்கக்கூடும். அது துணியின் பளபளப்பு அல்ல. அவ்வளவு நுண்மையான பின்னலைக் காட்டப் புள்ளிகள் போதாததால் வரும் பிழை.

புள்ளிகளின் எண்ணிக்கையோடு, ஒரு நொடிக்கு எவ்வளவு தரவு படத்துக்கு ஒதுக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இதுவே பிட்ரேட். டிவிடியில் படத்துக்கு அதிகபட்சம் நொடிக்கு 9.8 மெகாபிட்; புளூரேயில் 40 மெகாபிட் வரை. தரவைச் சிக்கனம் பிடித்தால் முதலில் அடிபடுவது புகை, மூடுபனி, நிழல் போன்ற ஓரமில்லாத, நிறம் மெல்ல மெல்ல மாறும் பகுதிகள்தான். அவை சதுரம் சதுரமாக உடைந்து தெரியும். ஓடிடி தளங்களில் இதே படம் ஓடினாலும், இணையத்தின் வழியாக வரும் தரவு பொதுவாக வட்டில் இருப்பதைவிடக் குறைவு என்பதால், தோட்டத்துப் புகைக்கு அங்கும் இந்த ஆபத்து இருக்கிறது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் உண்மையான அழகு இருப்பது கறுப்பிலும் இல்லை, வெள்ளையிலும் இல்லை. இரண்டுக்கும் இடையில் படிப்படியாக விரியும் சாம்பல் நிறங்களில்தான். வட்டைத் தயாரிப்பவர்கள் 'பளிச்'சென்று தெரிய வேண்டும் என்பதற்காகக் கான்ட்ராஸ்டை ஏற்றிவிட்டால், முகங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்து, கறுப்பு உடைகள் மடிப்பே இல்லாத மைக் கறையாகிவிடும். மாறாக, கறுப்பை அளவுக்கு மீறி வெளிச்சமாக்கினால் முழுப் படமும் பனிப்படலத்துக்குள் நடப்பதுபோல இருக்கும். நான் முதலில் பார்த்த டிவிடிக்கு இந்த இரண்டாவது நோய்தான். இந்தக் கதையில் சாவும் துக்க உடையும் அடிக்கடி வருவதால், கறுப்புத் துணியில் பட்டின் மினுமினுப்பும் கம்பளியின் சொரசொரப்பும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பது நல்ல சோதனை.

இந்த இடத்தில் ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோமைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தேவாலயத்தில் குடும்பத்தினர் அமர்ந்திருக்கும் ஒரு காட்சியில் கின்னஸின் ஆறு வேடங்கள் ஒரே சட்டகத்துக்குள் தெரிகின்றன. இரட்டை வேடம் பார்த்துப் பழகிய நமக்கும் இது வியப்பாகவே இருக்கும். கேமராவை அசையாமல் பூட்டி வைத்து, லென்ஸுக்கு முன்னால் கறுப்பு மறைப்புகளை அமைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு பகுதியை மட்டும் திறந்து ஒரு வேடத்தைப் படம்பிடித்தார்கள். பிறகு சுருளைத் தொடக்கத்துக்கே சுற்றி, கின்னஸ் அடுத்த வேடத்தைப் போட்டு முடித்து வரும்வரை காத்திருந்து, அதே சுருளில் அடுத்த பகுதியைப் பதிவு செய்தார்கள். இதற்குச் சில நாட்கள் பிடித்தன. கேமராவில் யாரும் தெரியாமல் இடித்துவிட்டால் மொத்த உழைப்பும் பாழாகிவிடும் என்பதால், ஸ்லோகோம் இரவில் ஸ்டுடியோவிலேயே தங்கி அதைக் காவல் காத்தார். அவர் 2016இல் தமது 103ஆம் வயதில் காலமானார்.

வட்டின் தரத்தோடு இதற்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. இந்தத் தந்திரம் ஆய்வுக்கூடத்தில் நகலெடுத்து ஒட்டியதல்ல. மூல நெகட்டிவிலேயே கேமராவுக்குள் நிகழ்ந்தது. ஆகவே அந்தக் காட்சி ஒரு தலைமுறைகூடத் தேயவில்லை. நல்ல ஸ்கேனில் அது படத்தின் மற்றக் காட்சிகளுக்குச் சமமான கூர்மையோடு இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாக மாறும் இடங்கள் பொதுவாக ஆய்வுக்கூடத்தில் நகலெடுத்துச் செய்யப்பட்டவை என்பதால், அந்தச் சில நொடிகளில் மட்டும் படம் திடீரென்று சற்று மங்கிச் சொரசொரப்பாவதைப் பழைய படங்களில் காணலாம். அதற்கு வட்டைக் குறை சொல்லக் கூடாது. படம் 1949இல் திரையரங்கில் ஓடியபோதும் அப்படித்தான் இருந்தது.

சொரசொரப்பு என்றதும், புதியவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயத்துக்கு வந்துவிட்டோம். படச்சுருளில் பிம்பம் உருவாவது நுண்ணிய வெள்ளி உப்புத் துகள்களால். அந்தத் துகள்கள் திரையில் மெலிதாக அசையும் மணல்போலத் தெரிவதைத்தான் கிரெய்ன் என்கிறோம். அதை அழுக்கு என்று நினைத்து, 'படம் சுத்தமாக இல்லை' என்று வருந்துபவர்கள் உண்டு. அது அழுக்கு அல்ல. படம் எதனால் நெய்யப்பட்டதோ அந்த இழையே அது. கைத்தறிப் புடவையில் இழை தெரிகிறது என்று யாராவது அதை உரித்தெடுத்தால் புடவை மிஞ்சாது அல்லவா? சில நிறுவனங்கள் இரைச்சல் நீக்கும் மென்பொருளைக் கடுமையாகப் பயன்படுத்திக் கிரெய்னைத் துடைத்துவிடும்போது, அதோடு தோலின் நுண்துளைகளும், கண்ணோரச் சுருக்கங்களும், மீசையின் தனித்தனி முடிகளும் போய்விடுகின்றன. முகம் மெழுகுப் பொம்மையாகிறது. இழந்த கூர்மையை ஈடுகட்டச் செயற்கையாக ஓரங்களைக் கூர்மையாக்கினால், ஆட்களைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று ஒளிவட்டம்போலத் தோன்றிவிடும்.

ஒரே நடிகர் எட்டு வேடம் போட்ட படத்தில் இது மன்னிக்க முடியாத இழப்பு. கின்னஸின் வேடங்களுக்குள் இருக்கும் வேறுபாடு ஒட்டுத்தாடியிலும் மீசையிலும் மட்டும் இல்லை. வயதான பாதிரியாரின் தளர்ந்த கண்ணிமைகள், கப்பற்படைத் தளபதியின் விறைத்த பார்வை, வங்கி முதலாளியின் இறுகிய வாயோரம் என்று ஒவ்வொருவரையும் அவர் தோலுக்கு அடியிலிருந்து மாற்றியிருக்கிறார். தளபதியின் கப்பல் மூழ்கும் காட்சியில், அவர் சல்யூட் அடித்த நிலையிலேயே அசையாமல் நிற்க, தண்ணீர் மெல்ல ஏறி அவரை விழுங்குகிறது. நல்ல பிரதியில் அந்த முகத்தில் துளிக்கூடச் சந்தேகம் எழாததை நாம் பார்க்கிறோம். மெழுகாக்கப்பட்ட பிரதியில் தொப்பி வைத்த ஓர் உருவம் மூழ்குவதை மட்டுமே பார்க்கிறோம்.

ஒலிக்கும் இதே நியாயம் உண்டு. இது ஒற்றைத் தட ஒலியில், அதாவது மோனோவில் எடுக்கப்பட்ட படம். ஐந்து ஸ்பீக்கர்களுக்கு அதைப் பிரித்துத் தருவதில் எந்தப் பெருமையும் இல்லை. லூயியின் குரல்தான் படத்தின் முதுகெலும்பு என்பதால், பின்னணியில் வரும் லேசான சீறல் ஒலியை அடியோடு துடைக்கப்போய், அவர் உச்சரிப்பில் உள்ள மென்மையான மூச்சொலிகளையும் துடைத்துவிடாத பிரதியே நல்ல பிரதி.

ஐரோப்பிய டிவிடிகளில் இன்னொரு நுட்பமான சிக்கல் உண்டு. நொடிக்கு 24 கட்டம் ஓட வேண்டிய படத்தை அங்குள்ள தொலைக்காட்சி முறைக்கு ஏற்ப 25 கட்டமாக ஓட்டிவிடுவார்கள். 106 நிமிடப் படம் 102 நிமிடத்தில் முடிந்துவிடும். எதுவும் வெட்டப்பட்டிராது, வேகம் மட்டும் கூடியிருக்கும். சுருதியைத் தனியாகத் திருத்தாவிட்டால் அதுவும் ஏறியிருக்கும், ஏறக்குறைய அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக. படத்தில் மோட்சார்ட்டின் 'டான் ஜியோவானி' இசைநாடகத்திலிருந்து ஒரு பாடல் வருகிறது. பாடகரின் மகனுடைய கதை அல்லவா இது. சுருதி உணர்வு உள்ள காதுக்கு அந்தப் பாடல் சற்று அவசரப்பட்டு, சற்று மேலே ஏறி ஒலிப்பது தெரியும். லூயியின் நிதானமான பேச்சும் ஒரு துளி நிதானம் இழக்கும். புளூரேயில் படத்தை 24 கட்டமாகவே வைக்க முடிவதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

சட்டகத்தின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். இந்தப் படம் உயரத்தைப்போல 1.37 மடங்கு அகலம் கொண்டது. இன்றைய அகலத் திரையில் இருபுறமும் கறுப்புப் பட்டைகள் விழுவதே சரியான காட்சி. வீட்டில் யாராவது 'திரை வீணாகிறதே' என்று ரிமோட்டை எடுத்து இழுத்துவிட்டால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். மேலும் கீழும் வெட்டிப் பெரிதாக்கினாலோ, தேவாலயக் காட்சிக்காக ஸ்லோகோம் அளந்து அளந்து அமைத்த சட்டகமே சிதைந்துவிடும். தொலைக்காட்சியில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று பெரும்பாலும் முதலிலேயே இயங்கும் நிலையில் இருக்கும், அதையும் நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, எந்த வடிவம் வட்டில் இருக்கிறது என்ற கேள்வி. படத்தின் முடிவைச் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் இந்தப் பத்திகளைப் பிறகு படிக்கலாம். லூயி சிறையில் அமர்ந்து தன் கொலைகளையெல்லாம் நினைவுக் குறிப்பாக எழுதுகிறான். நாம் கேட்கும் குரல் அந்த எழுத்துதான். எதிர்பாராமல் விடுதலையாகி வாசலுக்கு வந்த பிறகே, அந்தத் தாள்களை அறையிலேயே விட்டுவிட்டு வந்தது அவனுக்கு நினைவுக்கு வருகிறது. பிரிட்டிஷ் வடிவம் அங்கேயே முடிகிறது. தாள்கள் யார் கைக்குப் போகும் என்பது நம் கற்பனைக்கு விடப்படுகிறது.

அமெரிக்காவில் அன்றிருந்த தணிக்கை விதிகளின்படி குற்றவாளி தப்பியதாகப் படம் முடியக் கூடாது. எனவே அங்கு வெளியான வடிவத்தில் அந்தக் குறிப்புகள் பிறர் கையில் சிக்குவதைக் காட்டும் சுமார் பத்து நொடிக் காட்சி சேர்க்கப்பட்டது. லூயிக்கும் சிபெல்லாவுக்கும் இடையிலான கள்ள உறவைச் சுட்டும் உரையாடல்களும், பாதிரியாரைக் கேலி செய்யும் வரிகளும் குறைக்கப்பட்டன. மொத்தத்தில் அந்த வடிவம் ஆறு நிமிடம் சிறியது. படத்தின் மிகச் சிறந்த சிரிப்பு அந்தக் கடைசி நினைவுகூரலில் இருப்பதால், பத்து நொடி கூடியது ஆறு நிமிடம் குறைந்ததைவிடப் பெரிய சேதம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கிரைட்டீரியன் நிறுவனம் 2006இல் வெளியிட்ட டிவிடி இதை முறையாகக் கையாண்டது. முழுமையான பிரிட்டிஷ் வடிவம் படமாகவும், அமெரிக்க முடிவு தனி இணைப்பாகவும் அதில் இருந்தன. எந்தப் பிரதியை வாங்கினாலும் அட்டையின் பின்புறத்தில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 106 நிமிடம் என்றிருந்தால் கவலையில்லை. 102 என்றிருந்தால் அது வேகம் கூட்டிய டிவிடியாக இருக்கலாம். படம் முழுமையாகவே இருக்கும், பாட்டின் சுருதி மட்டும் ஏறியிருக்கும். 100 நிமிடத்தை ஒட்டி இருந்தால் வாங்குவதற்கு முன் அது எந்த நாட்டு வடிவம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.